ஜெரால்டின் பெயரில் ஒரு கணக்கு

ரோசியம்மா வைக்கும் நெத்திலிக் குழம்பில் மாங்காய் எப்போதும் கொஞ்சம் தூக்கலாக இருக்கும். சொன்னால், "உபதேசியாருக்கு நாக்கு நீளம்" என்று சிரிப்பாள். மகன் ஜெரால்டைக் கடல் கொண்டுபோன பிறகு அந்த வீட்டில் அடுப்பு எரியவில்லை. அங்கிருந்துதான் இது தொடங்கியது, ஐயா.

ஜெரால்ட் காசிமேட்டில் விசைப்படகுக்குப் போகிறவன். எண்ணூருக்கு நேரே வலை இழுக்கும்போது தவறி விழுந்தான். கூடப் போனவர்கள் தேடிவிட்டுத் திரும்பினார்கள். உடல் இல்லாமல் இறுதிப் பூசை வேண்டாம் என்றாள் ரோசியம்மா. நான் ராயபுரத்துக் கோயிலில் உபதேசியார். துக்க வீட்டில் ஜெபம் சொல்லித் தேற்றுவது என் வேலை. என் ஜெபத்தால் அவளை ஒரு வாய் கஞ்சி குடிக்க வைக்க முடியவில்லை.

அவன் படகுப் படங்கள் போட்டுவந்த சமூக வலைத்தளத்தில், அவன் பெயரிலேயே புதிதாக ஒரு கணக்குத் தொடங்கினேன். ஒரு சொல் எழுதும் முன்பே தளத்துக்காரர்கள் அடையாளச் சான்று கேட்டு மூடிவிட்டார்கள். ஆண்டவரின் சித்தம் என்று விட்டுவிட்டேன். இதைக் குறித்துக்கொள்ளுங்கள். தடுத்தால் நிற்கிறவன் நான்.

அந்த வாரமே தளம் கைமாறியது. புது முதலாளி, கணக்குகளைச் சரிபார்க்கிற ஆட்களை வேலையை விட்டு நிறுத்தினார். முன்பு விசாரித்துக் கொடுத்த நீலக் குறியை, சந்தா கட்டுகிற யாருக்கும் கொடுத்தார். மறுபடி முயன்றேன். யாரும் எதுவும் கேட்கவில்லை. ஜெரால்டின் சிரித்த முகத்துக்குப் பக்கத்தில் நீலக் குறி வந்து உட்கார்ந்தது.

'அம்மா, ஒரு கப்பல்காரங்க என்னைத் தூக்கினாங்க. தூர தேசத்துல கீறேன். போன் பேச வுட மாட்றாங்க. நீ துன்னியா?' என்று அவள் போனுக்கு எழுதினேன். அவளுக்கு எழுத்துக் கூட்டவும் வராது. போனை என்னிடமே கொண்டுவந்தாள். நானே படித்துக் காட்டினேன். அன்று சாப்பிட்டாள்.

பக்கத்து வீட்டு மலிகா மட்டும் நம்பவில்லை.

"யக்கா, எவனோ தமாஷ் பண்ணிகினு கீறான். உன் புள்ள உசுரோட கீறான்னா அவன் குரல் ஒருவாட்டி கேக்காதா?"

"நீலக் குறி கீதுடி. கம்பெனிக்காரன் பாக்காமலா குடுப்பான்? உன் மூஞ்சிக்கு ஒண்ணு வாங்கிக் காட்டு பாப்போம்."

மலிகா தளத்துக்குப் புகார் அனுப்பினாள். விதிமீறல் எதுவும் இல்லை என்று பதில் வந்தது. உண்மையைச் சொல்கிறேன், பிறகு ஒருநாள் மனது உறுத்தி நானும் புகார் அனுப்பினேன், என் கணக்கின் மேலேயே. அதே பதில்தான் வந்தது. எழுத்துகூட மாறவில்லை. நான் வேறு என்ன செய்ய முடியும்? அவளோ கிறிஸ்துமஸுக்கு அவனுக்குச் சட்டை எடுத்து வைத்திருந்தாள். ஈஸ்டருக்கு வருவதாக எழுதினேன். ஈஸ்டர் வந்ததும் கப்பல் தாமதம் என்றேன்.

நீங்கள் கேட்பது எண்ணூரில் ஒதுங்கிய உடலைப் பற்றி. அதற்கும் வருகிறேன்.

அவள் சாப்பிடத் தொடங்கிய மூன்றாம் நாள் உங்கள் காவலர் ஒருவர் கோயிலுக்கு வந்தார். கழுத்தில் மாதா படம் தைத்த உத்தரியக் கயிறு இருந்ததால் நம் சபையாளாக இருக்கலாம் என்று என்னைப் பிணவறைக்கு அழைத்துப் போனார். முகம் தெரியவில்லை. ஆனால் அறுந்த உத்தரியத்தை வலை நூலால் தைத்திருந்தது. ரோசியம்மா கோயில் வாசலில் உட்கார்ந்து அதைத் தைத்தபோது ஊசியில் நூல் கோத்துக் கொடுத்தவன் நான். அவள் அப்போதுதான் ரசம் சாதம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டிருந்தாள். தெரியாது என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டேன். அநாதைப் பிணமாகப் புதைத்தார்கள். நான் தூரத்தில் நின்று முழு ஜெபமும் சொன்னேன். அதில் குறை வைக்கவில்லை.

தளம் கேட்காததால் மலிகா உங்களிடம் புகார் கொடுக்க வந்தாள். வந்த இடத்தில், சுவரில் ஒட்டியிருந்த அநாதைப் பிணத்தின் படத்தில் அந்த உத்தரியத்தைப் பார்த்துவிட்டாள். பழைய ஆட்கள் தளத்தில் இருந்திருந்தால் இவ்வளவு தூரம் வந்திருக்காது, ஐயா. என்னைத் தடுக்க வேண்டியவர்கள் தடுக்கவில்லை.

நாளைக் காலை குழியைத் தோண்டி ரோசியம்மாவிடம் காட்டுவதாகச் சொல்கிறீர்கள். உங்கள் ஆட்கள் போய்ச் சொன்னால் அவள் தாங்கமாட்டாள். நான் சொன்னாலும் தாங்கமாட்டாள்.

மேசையில் இருக்கும் என் போனை ஒரு நிமிடம் கொடுங்கள். ஜெரால்டே சொல்லட்டும்.