ஏழாம் கூண்டுத் தாள்

— பன்னெண்டு பொட்டுதானா? இன்னொருக்கா எண்ணிப் பாருங்க டாக்டரம்மா.

— நேத்துக் கூண்டுக்கடியில வச்ச தாள மூணு தடவ எண்ணிட்டேன் நல்லகாமண்ணே. ஆறாங் கூண்டு எலி முப்பத்தஞ்சு தடவ மூத்திரம் போயிருக்கு. எட்டாங் கூண்டு முப்பத்தெட்டு. நடுவுல இருக்குற ஏழு மட்டும் பன்னெண்டு.

— கொறஞ்சா நல்லதுதான? புண்ணு ஆறிருச்சுன்னு அர்த்தம்.

— மருந்து குடுத்த எலின்னா நல்லது. ஆறு, எட்டு மாதிரி ஏழுக்கும் நான் மருந்தே குடுக்கல, வெறும் உப்புத்தண்ணிதான். அஞ்சு வாரமா இதே கததான். எப்படிண்ணே?

— சில எலி ரோசக்கார எலியா இருக்கும்.

— உங்களுக்குக் கிண்டலா இருக்கு. திங்கக்கெழம கைடு சார் கேப்பாரு, மருந்தில்லாமயே தேறுதுன்னா உன் மருந்து எதுக்குன்னு. ஒரு வருச வேல... நீங்க ஏதாச்சும் குடுத்தீங்களா?

— கூண்டு கழுவுறவன் நான் என்னத்தக் குடுக்க? சோழவந்தான் வெத்தலய மடிச்சா குடுத்தேன்?

— குடுத்தாலும் குடுப்பீங்க. ஏழு மேலதான் உங்களுக்குப் பாசம். ...இருங்க, வந்துர்றேன்.

— போய்ட்டு வாங்க.

— ம்... என்ன பேசிக்கிட்டிருந்தோம்?

— நான் ஒண்ணு கேட்டுக்கிடவா? கிருமியே இல்லாம மூத்திரப்பை எப்படிம்மா புண்ணாகும்?

— இத மூணாவது தடவையாக் கேக்குறீங்க.

— மண்டையில ஏற மாட்டேங்குது.

— பைக்குள்ள வழவழன்னு ஒரு தோல் இருக்குண்ணே. மூத்திரம் சதையில படாம அதுதான் காக்குது. நாம போடுற ஊசி அந்தத் தோல அரிச்சிரும். அப்புறம் மூத்திரம் பட்டாலே எரியும். ரெண்டு சொட்டு சேந்தாலே முட்டும். சோதிச்சுப் பாத்தா ஒரு கிருமி இருக்காது.

— சோதனையில ஒண்ணும் தெரியாது. ஆனா வலி நெசம்.

— நெசந்தான். நீல விளக்கப் போட்டா தாள்ல எம்புட்டுப் பொட்டு மினுங்குது பாத்தீங்கல்ல... நட்சத்திரம் பூத்த மாதிரி. அம்புட்டும் வலிதான்.

— எலிக்குத் தாளாச்சும் சாட்சி சொல்லுது.

— என்னண்ணே?

— ஒண்ணுமில்ல.

— ...அண்ணே, இந்தத் தாள் மூலையில இருக்குற நம்பரப் பாருங்க.

— ஏழு.

— நான் ஏழு போட்டா நடுவுல ஒரு கோடு இழுப்பேன், ஒண்ணுன்னு யாரும் நெனச்சிரக் கூடாதுன்னு. இதுல கோட்டக் காணோம்.

— மறந்திருப்பீக.

— அஞ்சு வாரத்துத் தாள்லயுமா நல்லகாமண்ணே?

— பதினோரு மணிக்கு நீங்க கிளாசுக்குப் போவீகள்ல... அப்ப மாத்திருவேன்.

— தாளயா?

— நனஞ்சு கூண்டுக் கம்பிவலையோட ஒட்டிக்கிட்டுக் கெடக்கும்மா. அதுமேலயே வயித்த வச்சுச் சுருண்டு கெடக்கு அது. பாக்க முடியல. பழச உருவிட்டுப் புதுசு வச்சேன். நம்பரும் போட்டுத்தான் வச்சேன்.

— ஒம்பதுலருந்து ஒரு மணி வரைக்கும் ஒரே தாள் இருக்கணும்ணே. அப்ப நான் பாதியத்தான் எண்ணியிருக்கேன். குணமும் ஆகல, ஒண்ணும் ஆகல. புதுசா எதையோ கண்டுபிடிச்சிட்டோம்னு வேற நெனச்சேன்...

— கோவமா?

— சிரிக்கிறதா அழுறதான்னு தெரியல. உருவுன தாள என்ன செஞ்சீங்க? எரிச்சிட்டீங்களா?

— இல்ல. காய வச்சு எடுத்து வச்சிருக்கேன். அஞ்சும் பத்திரமா இருக்கு.

— அல்லா... இப்பத்தான் உசுரு வந்துச்சு. ரெண்டையும் சேத்து எண்ணிட்டாப் போதும். சார்கிட்ட நடந்தத அப்படியே சொல்லிர்றேன், உங்களத் திட்ட விட மாட்டேன். எங்க, எடுங்க.

— இங்க இல்ல. சமயநல்லூர்ல, வீட்டுல இருக்கு.

— எலி மூத்திரத் தாள வீட்டுக்கா கொண்டுபோனீங்க?

— ...ஆமா.

— எதுக்கு? ...இருங்கண்ணே, ஒரு நிமிசம். மறுபடியும்...

— போய்ட்டு வாங்கம்மா. நிக்கிறேன்.

— ம், சொல்லுங்க. எதுக்குக் கொண்டுபோனீங்க?

— நாளைக்குக் காலையில மொத பஸ்சுல கொண்டாந்து குடுத்துர்றேன். நாலு தாளு.

— அஞ்சுன்னு சொன்னீங்க?

— நாலு போதாதா?

— போதாதுண்ணே. எல்லாத் தாள்லயும் சார் கையெழுத்துப் போட்டு, ரெக்கார்டுல தச்சு, பீரோவுல பூட்டிருவாரு. ஒண்ணு கொறஞ்சாலும் ஏழாம் எலியவே தள்ளிருன்னுவாரு. ஏற்கனவே ரெண்டு எலி செத்துப்போச்சு. இதுவும் போச்சுன்னா நான் மொதல்லருந்து ஆரம்பிக்கணும். அந்த அஞ்சாவது தாள் எங்க?

— எம் பொண்டாட்டி ஒச்சாயிக்கு மூணு வருசமா இதேதாம்மா. ஏழாம் எலி மாதிரியேதான் சுருண்டு கெடப்பா. நாலு டாக்டரு பாத்துட்டு, கிருமி இல்ல, மனசுலதான் கோளாறுன்னுட்டாக. வேலைக்குப் பயந்து நடிக்கிறான்னு எங்காத்தாளே சொல்லிருச்சு. நான் தாளக் கொண்டுபோயி விரிச்சுக் காட்டுனேன். கிருமி இல்லாமயே இம்புட்டு மஞ்சப் பொட்டு, எலி நடிக்குமாடின்னு கேட்டேன். அன்னைக்குத்தான் அழுதா. ஒரு தாள மடிச்சுத் தலகாணிக்குள்ள வச்சுக்கிட்டா. யாராச்சும் ஏதாச்சும் சொன்னா அத எடுத்துக் காட்டுறா. ...நீங்களும் அரமணிக்கு ஒருக்கா எந்திரிச்சு பாத்ரூமுக்குப் போறீக, வாரீக. நான் ஒருநாளும் ஏன்னு கேட்டதில்ல. அந்த ஒத்தத் தாளு மட்டும் அவகிட்டயே இருக்கட்டுமாம்மா?