தொட்டி மேல் நின்றவன்

எனக்கு இடுப்பு வலி ஐயா. நாள் முழுக்கக் குனிந்து கல் பெயர்க்கிறவனுக்கு வேறென்ன வலி வரப்போகிறது. உங்கள் ஸ்டேஷன் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தால் குத்துகிறது. கொஞ்சம் சாய்ந்துகொள்கிறேன், மரியாதைக் குறைவாக நினைக்க வேண்டாம். இந்த வலிக்கு எனக்குத் தெரிந்த மருந்து ஒன்றுதான். வேலை விட்டு வந்து குளித்துவிட்டு, சுவரில் முதுகைக் கொடுத்து, காலை நீட்டிக்கொண்டு எதையாவது பார்க்க வேண்டும். அதற்காகத்தான் டிவி வாங்கினேன். வேறு எந்தத் தப்பான எண்ணமும் அதில் இல்லை.

எங்கள் குடியிருப்பு பள்ளத்தில் கிடக்கிறது. மூன்று பக்கமும் மலை, நான்காவது பக்கம் கல்குவாரி. ஒளிபரப்புக் கோபுரம் மலைக்கு அந்தப் பக்கம். ரோட்டோரத்தில் இருக்கிறவர்கள் ஜன்னலில் ஒரு கம்பியை நீட்டினால் போதும், படம் வந்துவிடும். எங்களுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. டிவி ரிப்பேர்க்காரர் கடையில் வாங்கும்போது பெட்டி கண்ணாடி மாதிரி காட்டியது. வீட்டுக்குக் கொண்டுவந்து போட்டால் எள்ளைக் கொட்டிக் கிளறியதுபோல ஒரே புள்ளி.

ரிப்பேர்க்காரரைக் கூட்டிவந்தேன். அவர் கூரைமேல் ஏறி நின்று, இடுப்பில் கைவைத்துக்கொண்டு சுற்றிலும் பார்த்தார்.

"பெட்டியில கோளாறு இல்லண்ணே. மலையிலதான் கோளாறு."

"அந்த மலையைத்தான தினமும் உடைக்கிறோம்" என்றேன்.

"அப்ப கொஞ்சம் சுறுசுறுப்பா உடைங்க. உங்க பேரப்புள்ளைங்க காலத்துல படம் தெளிவா வரும்."

அவர் சிரித்தார். நானும் சிரித்தேன். ஆனால் ஐயா, உடம்பு அசந்து வந்து உட்கார்கிறவனுக்கு அது சிரிப்பு இல்லை. நான் என்னவெல்லாம் செய்தேன் என்று கேளுங்கள். கூரையில் ஆன்டெனாவைக் கட்டினேன். புளியமரத்து உச்சியில் கட்டினேன். வடக்கே திருப்பினேன், தெற்கே திருப்பினேன், குப்புறக்கூடக் கவிழ்த்துப் பார்த்தேன். நான் மேலே, என் மனைவி ஜன்னலில்.

"வருதா?"

"வருது, வருது, அப்படியே இருங்க. ஐயோ, போச்சு."

"எந்தப் பக்கம் திருப்புனப்ப போச்சு?"

"எனக்கெப்படிங்க தெரியும், சொல்லிட்டா போவுது?"

ஒரு நாள் சத்தம் வரும், படம் வராது. மறுநாள் படம் வரும், சத்தம் எண்ணெயில் பொரிகிறமாதிரி இருக்கும். செய்தி வாசிக்கிற பெண்ணுக்கு இரண்டு தலை. பந்தாட்டம் போட்டால் ஒவ்வொரு ஆட்டக்காரன் பின்னாலும் அவனுடைய ஆவி ஓடும். எது பந்து, எது புள்ளி என்று தெரியாமல் கண் எரியும். பெட்டியைத் தூக்கிக் குவாரிப் பள்ளத்தில் எறிந்துவிடலாமா என்று எத்தனையோ தடவை தோன்றியிருக்கிறது. எறிந்திருக்கலாம் என்று இப்போது நீங்கள் சொல்வீர்கள்.

குடியிருப்புக்குப் பின்னால் குவாரியின் பழைய தண்ணீர்த் தொட்டி இருக்கிறது. நான்கு கான்கிரீட் தூண்களின் மேல், இரண்டு மாடி உயரம். தண்ணீர் ஏற்றுவது நின்று வெகுகாலம் ஆகிவிட்டது. பதித்திருந்த இரும்புப் படிகளும் துருப்பிடித்து உதிர்ந்துவிட்டன. பள்ளத்திலேயே உயரமான இடம் அதுதான். மர ஏணி ஒன்று செய்து சார்த்தி, தொட்டியின் மூடிமேல் இரும்புக் குழாயை நட்டு, அதன் உச்சியில் ஆன்டெனாவைக் கட்டினேன். படம் வந்தது. காற்றடித்தால் குழாய் ஆடும், படம் போகும். மலை இடுக்கில் எப்போது ஐயா காற்றடிக்காது?

இந்த இடத்தில் என் மச்சினனைப் பற்றிச் சொல்ல வேண்டும். என் மனைவிக்குத் தம்பி. கல் நொறுக்கும் மிஷினில் வலது கை விரல் மூன்று போனபின் வேலையும் போயிற்று. "ஒரு மாசம் இருந்துட்டுப் போறேன்க்கா" என்று வந்தவன் எங்களோடேயே இருந்துவிட்டான். நல்ல பையன். முப்பது வயசு, கையைத் தவிர வேறு குறை கிடையாது. அவன் எங்கள் வீட்டில் சாப்பிட்டதைப் பற்றி நான் ஒரு வார்த்தை சொன்னதில்லை. என் மனைவியைக் கேட்டுப்பாருங்கள். அவன் இரண்டாம் முறை போட்டுக்கொள்ளும்போது தட்டைப் பார்ப்பேன். அவ்வளவுதான்.

ஒரு சாயங்காலம் நானும் அவனும் மேலே நின்று குழாயைச் சரிசெய்துகொண்டிருந்தோம். நான் கீழே வந்து பார்த்தால் திரையில் ஒரு முகம், அதில் மூக்கு, மூக்கில் ஒரு மச்சம். அவ்வளவு தெளிவு. "என்னடா பண்ண?" என்று கத்தினேன். "ஒண்ணும் பண்ணல அத்தான். சும்மா புடிச்சிக்கிட்டு நிக்கிறேன்" என்றான். விடச் சொன்னேன், எள் கொட்டியது. பிடிக்கச் சொன்னேன், மச்சம் தெரிந்தது.

அன்றிலிருந்து அவன் பிடித்துக்கொள்வான், நாங்கள் பார்ப்போம். அது அவனுக்கு ஒரு வேலையாகவும் ஆயிற்று. சும்மா உட்கார்ந்து சாப்பிடுகிறோமே என்ற உறுத்தல் ஒருவனை அரித்துவிடும் ஐயா. நான் அதை நீக்கினேன்.

கொஞ்ச நாளில் விஷயம் பரவியது. பள்ளத்திலேயே படம் வருகிற வீடு எங்களுடையது ஒன்றுதான். முன்பெல்லாம் எங்கள் வாசலில் யாரும் செருப்பைக்கூடக் கழற்றியதில்லை. இப்போது செருப்பு வைக்க இடமில்லை. குவாரி மேஸ்திரி, என்னை அதுவரை பேர் சொல்லிக் கூப்பிடாதவர், "ஏய், இவனே" என்றே சொல்லிப் பழகியவர், எங்கள் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்து என் மனைவி கொடுத்த டீயைக் குடித்துவிட்டு, "படம் நல்லாருக்கேப்பா" என்றார். மறுநாள் என்னைக் கனமான கல் உள்ள பக்கத்திலிருந்து மாற்றி நிழலுள்ள பக்கத்தில் போட்டார். என் இடுப்பு அதைத் தெரிந்துகொண்டது.

மச்சினனும் குறைசொல்லவில்லை. மேலேயிருந்து வேடிக்கையாகப் பேசுவான். "அத்தான், இங்கேருந்து பாத்தா கோபுரத்து வெளக்கே தெரியுது. படம் மட்டுந்தான் தெரியல." எல்லோரும் சிரிப்பார்கள். குடியிருப்பில் அவனுக்குக் கம்பம் என்று பேர் வைத்துவிட்டார்கள். "கம்பம் ஏறியாச்சா?" என்று கேட்டுக்கொண்டுதான் உள்ளே வருவார்கள்.

ஒரு தடவை, ஆட்டம் சூடாகப் போய்க்கொண்டிருந்தபோது, தண்ணீர் குடிக்கிறேன் என்று அவன் இறங்கி வந்துவிட்டான். படம் போயிற்று. கோல் விழுந்த சத்தம் மட்டும் கேட்டது. மேஸ்திரி எழுந்து துண்டை உதறினார்.

"உன் வீட்டுப் படமும் உன் மச்சினன் கை மாதிரிதான்டா. அரைகுறை."

அதற்குப் பிறகு நான்கு நாள் அவர் வரவில்லை. என்னை மறுபடியும் கனமான பக்கத்தில் போட்டார். அதன்பின் மச்சினன் மேலே ஏறியதும் நான் ஏணியை எடுத்துவிடுவேன். கோபத்தில் எடுத்ததில்லை. இறங்க வழி இருக்கிறது என்று தெரிந்தால் மனசு இறங்கச் சொல்லும். வழி இல்லை என்றால் மனசு ஒரு நிலையில் நிற்கும். நானே கல் சுமக்கும்போது அப்படித்தான் சுமக்கிறேன்.

எடுத்த ஏணியை வெளியே போட்டால் யாராவது திருடிவிடுவார்கள். அதனால் உள்ளே கொண்டுவந்தேன். வந்தவர்களுக்கு உட்கார இடம் போதவில்லை என்பதால் இரண்டு பக்கமும் கல் அடுக்கி, அதன்மேல் ஏணியைப் படுக்கப் போட்டேன். நல்ல பெஞ்சு. ஏழெட்டுப் பேர் தாராளமாக உட்காரலாம்.

இறுதி ஆட்டத்தன்று நடந்ததைத்தான் நீங்கள் கேட்கிறீர்கள். சொல்கிறேன்.

மத்தியானமே மேகம் கூடிவிட்டது. ஏறுவதற்கு முன்னால் மச்சினன் ஏணிக்கடியில் கொஞ்ச நேரம் நின்றான்.

"அத்தான், இத்தனை நாளா நான் ஒரு ஆட்டங்கூடப் பாக்கல. இன்னிக்கு ஒரு நாள் நீங்க நில்லுங்களேன். நான் உள்ள உக்காந்துக்கிறேன்."

"மேஸ்திரி வர்றாருடா. நான் இல்லன்னா நல்லாருக்குமா? அடுத்த ஆட்டத்துக்கு நான் நிக்கிறேன், நீ பாரு."

"நெசமாவா?"

"நெசமாத்தான்."

அவன் சிரித்துக்கொண்டே ஏறினான். கை ஊனம் இருந்தாலும் ஏணி ஏறுவதில் கெட்டிக்காரன். நான் ஏணியை எடுத்துக்கொண்டு உள்ளே வந்தேன்.

ஆட்டம் பாதியில் முதல் இடி கேட்டது. குவாரியில் ஒரு வழக்கம் உண்டு ஐயா. இடிச் சத்தம் கேட்டதும் மேஸ்திரி விசில் ஊதுவார். கையிலிருக்கிற கடப்பாரை, சம்மட்டி, எல்லா இரும்பையும் அந்த இடத்திலேயே போட்டுவிட்டு மேட்டிலிருந்து இறங்கிவிட வேண்டும். சின்னப்பிள்ளைக்குக்கூடத் தெரியும். மேஸ்திரிக்குப் பழக்கதோஷத்தில் கை சட்டைப்பைக்குப் போயிற்று. பிறகு அவரே சிரித்தார். "நல்லவேளை, இது வேலை நேரம் இல்ல" என்றார். ஏணிமேல் உட்கார்ந்திருந்தவர்களும் சிரித்தார்கள்.

மழை வந்தது. மேலேயிருந்து "அத்தான்" என்று கேட்டது. "அத்தான், ஏணி" என்று கேட்டது. நான் ஜன்னலருகே போய், "இன்னும் கொஞ்ச நேரந்தான்டா, புடிச்சிக்கோ" என்றேன். அந்த மழையிலும் படம் அவ்வளவு தெளிவாக இருந்தது. புல் நனைந்திருப்பதுகூடத் தெரிந்தது.

என் மனைவி அடுப்படியிலிருந்து வந்து நடுவில் நின்றாள்.

"ஏங்க, ஏணிய எடுங்க. அவன் கூப்புடுறான்."

"ஆட்டம் முடியட்டும்."

"அண்ணே, எந்திரிங்க. எல்லாரும் எந்திரிங்கண்ணே, ஏணி வேணும்."

யாரும் எழுந்திருக்கவில்லை. அவர்கள்மேல் குற்றமில்லை, என் முகத்தைப் பார்த்தார்கள். "மறைக்காத, தள்ளு" என்று நான் அவளிடம் சொன்னேன். அவள் ஏணியின் ஒரு முனையைப் பிடித்து இழுத்தாள். ஏழு பேர் உட்கார்ந்த ஏணியை ஒரு பெண்பிள்ளை இழுத்து எடுக்க முடியுமா? விட்டுவிட்டு மழைக்குள் ஓடினாள். தொட்டிக்கடியில் நின்று தம்பி பேரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். எனக்கு அது கேட்டது. வெறும் கையோடு அங்கே போய் என்ன செய்யப்போகிறாள் என்று நினைத்தேன்.

அவன் குழாயை விட்டுவிட்டு மூடிமேல் படுத்திருக்கலாமே என்று நேற்று குடியிருப்புக்கு வந்தபோது கேட்டீர்கள். ஒரு தடவை விட்டான். படம் போயிற்று. நான் ஜன்னலிலிருந்து கத்தினேன். "விட்டுட்டு நாளைக்கு எங்க போயிச் சாப்புடுவ?" என்று கத்தினேன். அவ்வளவு நாளில் அப்படி ஒரு வார்த்தை சொன்னது அப்போதுதான். படம் திரும்ப வந்தது.

பிறகு வெளிச்சம். சத்தம் அதற்குப் பின்னால் வந்ததா, கூடவே வந்ததா என்று தெரியவில்லை. பெட்டிக்குப் பின்னால் புகை வந்தது, திரை இருண்டது. நான் ஜன்னலைப் பார்த்து, "புடிடா" என்றேன். உண்மையைச் சொல்ல வேண்டும் அல்லவா, அதைத்தான் சொன்னேன். இரண்டு தடவை சொன்னேன். வெளியே என் மனைவி கூப்பிடுவது நின்றிருந்தது.

அப்போதுதான் எல்லோரும் ஏணியைவிட்டு எழுந்தார்கள்.

சார்த்தி ஏறினேன். அவன் குழாயைக் கட்டிப்பிடித்தபடி உட்கார்ந்திருந்தான், தலை சாய்ந்திருந்தது. நான் முதலில் ஆன்டெனாவைப் பார்த்தேன். அது உருகி வளைந்திருந்தது. அதற்குப் பிறகுதான் அவனைத் தொட்டேன்.

இடி விழுந்து செத்தான் என்று மேஸ்திரி சொல்லிவிட்டார். மற்றவர்களும் அதையே சொன்னார்கள். நீங்களும் அப்படி எழுதிக்கொள்ளலாம். ஆனால் என் மனைவி என்னோடு பேசுவதில்லை. வேண்டுமென்றே செய்தேன் என்று நினைக்கிறாள். அதனால்தான் இன்று நானே ஸ்டேஷனுக்கு நடந்து வந்தேன். ஏணியை நான்தான் எடுத்தேன். இடி தெரிந்தும் வைத்துக்கொண்டேன். எழுதிக்கொள்ளுங்கள்.

இன்னொன்றும் எழுத வேண்டும். ரிப்பேர்க்காரர் இங்கே வந்தால் எப்படியும் சொல்லிவிடுவார், நானே சொல்வது நல்லது. தொட்டிமேல் குழாய் நட்ட முதல் வாரமே அவர் வந்து பார்த்தார். "ஆளெல்லாம் எதுக்குண்ணே? குழாய் ஆடுறதுதான் கோளாறு. நாலு பக்கமும் கம்பி இழுத்துக் கட்டுங்க, மலை மாதிரி நிக்கும்" என்றார். குவாரி முற்றத்தில் பழைய கம்பி வடம் சுருள் சுருளாகக் கிடக்கிறது, கேட்டால் சும்மா தருவார்கள். அரை நாள் வேலை. செய்யலாம் என்றுதான் இருந்தேன். ஆனால் கட்டிவிட்டால் அவன் கீழே வந்துவிடுவான். கீழே வந்தால் மேஸ்திரி பக்கத்தில் உட்காருவான், அவன் வாய்ப்பேச்சுக்கு எல்லோரும் அவனையே பார்ப்பார்கள். நாள் முழுக்க உழைத்தவன் நான். அந்த ஒரு மணி நேரமாவது யார் மேலே, யார் உள்ளே என்று இருக்க வேண்டாமா? இதில் நியாயம் இல்லை என்று நீங்கள் சொல்ல முடியாது.

மற்றபடி அவன் விஷயத்தில் எனக்கு மனசில் கறை இல்லை. இருக்க இடம் கொடுத்தேன், சாப்பாடு போட்டேன், அடக்கத்தை முன்னால் நின்று நடத்தினேன். ஒரு ஆட்டம் அவன் உள்ளே உட்கார்ந்து பார்க்க, நான் தொட்டிமேல் நிற்பதாகச் சொல்லியிருந்தேன். அவனுக்கு நான் கொடுக்க வேண்டிய பாக்கி அது ஒன்றுதான்.