இருப்பதிலேயே வலியது

போல்ட் வாங்க வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேருக்கு அதன் தலையில் எண் பொறித்திருப்பதே தெரியாது மேடம். நீளம் சொல்வார்கள், தடிமன் சொல்வார்கள். கொஞ்சம் விவரமானவர்கள் பழைய போல்ட் ஒன்றை மேஜையில் வைத்து "இதே மாதிரி" என்பார்கள். அந்த எண்தான் அதன் வலிமை. எட்டு புள்ளி எட்டு என்றால் நல்ல போல்ட். தாங்க முடியாதபோது நீளும், வளையும், எச்சரித்துவிட்டுத்தான் உடையும். பன்னிரண்டு புள்ளி ஒன்பது அதைவிட வலியது. ஆனால் வலியது எல்லா இடத்துக்கும் பொருந்தாது. சொன்னால் யார் கேட்கிறார்கள்?

நான் மெக்கானிக்கல் படித்தவன். மேற்குத் தாம்பரத்தில் என் கடை, 'தோத்தாத்ரி போல்ட்ஸ்' என்றால் எல்லோருக்கும் தெரியும். மோகன்ராஜ் பீர்க்கன்கரணை ஏரியோரம் கார் ஷெட் வைத்திருப்பவன். கடைக்கு வந்தால் செருப்புக் காலை ஸ்டூல்மேல் வைத்துக்கொண்டுதான் பேசுவான். போன மாதம் வந்தான். இஞ்சினைத் தூக்கி இறக்க ஷெட்டில் ஓர் இரும்பு உத்தரம் போடுகிறானாம், அதைத் தூணோடு பிணைக்க போல்ட் வேண்டுமாம். நான் எட்டு புள்ளி எட்டைத்தான் எடுத்து வைத்தேன். இதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

"இன்னா பெர்சு, சைக்கிளுக்குக் குடுக்கற மாதிரி குடுக்கறே? இருக்கறதுலயே டாப்பு எடு."

"இதுவே போதும் மோகன்ராஜ். இதுக்கு மேல வேண்டாம்."

"போதுமா இல்லியான்னு நான் சொல்றேன். எடுத்துக் குடுக்கறதுதான் உன் வேலை. கறுப்பு வாணாம், ஏரிக் காத்துல துரு புடிக்கும். பளபளன்னு கீதுல்ல, அத்தக் குடு."

கடையில் நின்றவர்களில் ஒருவன் சிரித்தான்.

பளபளப்பது துத்தநாக முலாம். முலாம் போடும்போது ஹைட்ரஜன் உருக்குக்குள் புகுந்துகொள்ளும். சாதாரண போல்ட்டுக்கு அதனால் பாதகமில்லை. பன்னிரண்டு புள்ளி ஒன்பது போன்ற கடினமான உருக்குக்கு அது எமன். முலாம் போட்ட கையோடு உலையில் சூடாக்கி அதை விரட்ட வேண்டும். இல்லாவிட்டால், முறுக்கி இறுக்கிய ஓரிரு நாளில் கண்ணாடிபோல் தலை தெறித்துவிடும். வளையாது, எச்சரிக்காது.

உலை காணாத பெட்டி ஒன்று என்னிடம் இருந்தது. முலாம் பட்டறைக்காரன் அவசரத்தில் அப்படியே அனுப்பிவிட்டான். யாருக்கும் போகக் கூடாதென்று நானே உள்ளே ஒதுக்கி வைத்திருந்தேன். அதிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். அவன் கேட்டது என்ன, இருப்பதிலேயே வலியது, பளபளப்பானது. அதுதானே இது.

இரண்டு நாள் கழித்துப் போன் செய்தான். "வந்து பாரு பெர்சு, ஜம்முன்னு கீது." போனேன்.

அங்கே மெக்கானிக் ஆபேல் நாற்காலியைத் துடைத்துப் போட்டு, டீ வாங்கிவந்து கொடுத்தான். "சக்கரை கம்மியா போடச் சொன்னேன் சார்," என்றான். நல்ல பையன். தம்ளரை வாங்கியபோது தூணடியில் ஒரு போல்ட் தலை கிடப்பதைப் பார்த்தேன். முறிவு, கற்கண்டு உடைந்ததுபோல் மணல்மணலாக இருந்தது. மேலே உத்தரத்தைப் பிடித்திருந்த நாலு போல்ட்டில் ஒன்று போயிருந்தது. மோகன்ராஜ் கார் விட வந்தவரிடம், "டாப்பு போல்ட்டு சார், யானையைக் கட்டித் தொங்கவுட்டாலும் தாங்கும்" என்று அளந்துகொண்டிருந்தான்.

நான் தலையைப் பொறுக்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். டீ நன்றாக இருந்தது. குடித்துவிட்டு வந்தேன்.

அன்று மதியம் இஞ்சினைத் தூக்கினார்கள். இஞ்சின் விழும், மோகன்ராஜ் நாலு பேர் முன்னால் அசிங்கப்படுவான், இனியாவது படித்தவன் சொன்னால் கேட்பான் என்றுதான் நினைத்தேன். பாரம் தொங்கும்போது அடியில் நிற்கக் கூடாது என்பது பாலபாடம். ஆபேல் நின்றான். ஆஸ்பத்திரி போகும் வழியிலேயே உயிர் போய்விட்டதாம்.

அவன் மனைவி தீபலட்சுமி நேற்று கைக்குழந்தையோடு கடைக்கு வந்தாள். "பெரிய படிப்பு படிச்சவர்னு உங்களப் பத்திச் சொல்வாரு சார். எதுனால இப்டி ஆச்சு, நீங்களாவது சொல்லுங்க," என்றாள். ஹைட்ரஜன் சமாச்சாரமெல்லாம் அவளுக்கு எங்கே புரியப்போகிறது? தண்ணீர் கொடுத்து அனுப்பிவைத்தேன்.

மோகன்ராஜை நீங்கள் லாக்கப்பில் வைத்திருக்கிறீர்கள். அவனுக்காக நான் வரவில்லை. அவளுக்காகவும் இல்லை. 'மட்டமான போல்ட் உடைந்து தொழிலாளி பலி' என்று பேப்பரில் போட்டிருக்கிறார்கள். உங்கள் அறிக்கையிலும் அப்படித்தான் எழுதியிருக்கிறீர்களாம். என் கடையில் மட்டமான சரக்கு ஒருநாளும் விற்றதில்லை மேடம். உடையும் என்று தெரிந்தே கொடுத்தேன். ஒன்று உடைந்ததைப் பார்த்தும் வாய் திறக்காமல் வந்தேன். இதையெல்லாம் எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

'மட்டமான' என்ற அந்த ஒரு சொல்லை மட்டும் அடித்துவிடுங்கள்.