கருணை மனுவில் முதல் கையெழுத்து

டீயில் சர்க்கரை கம்மியாகப் போடச் சொன்னதற்கு நன்றி இன்ஸ்பெக்டர் ஐயா. ஆம்பூர் ஷூ கம்பெனியில் பதினாறு வருடமாகத் தோல் வெட்டுகிறேன். நிதானமான ஆள் என்று பெயர்.

எங்கள் வெட்டுப் பிரிவில் ஒரு வழக்கம் உண்டு. ஒருவன் கத்தியை இன்னொருவன் தொடமாட்டான். அவனவன் கைக்கு வாகாகப் பிடியில் தோல் வார் சுற்றி வைத்திருப்பான். கோர்ட்டில், இளம்பரிதியோடு வேலை செய்த நாங்கள் பதினோரு பேரும், "இது இளம்பரிதி கத்திதான்" என்று சத்தியம் செய்தோம். வேறு கை அதை எடுத்திருக்கும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. அதற்காகத்தான் நான் அதை எடுத்தேன்.

மேனேஜர் ஜெயப்பிரகாஷ் மேல் எனக்குக் கோபமே கிடையாது. முந்தின நாள் இளம்பரிதி அவரோடு எல்லோர் முன்னாலும் சண்டை போட்டிருந்தான், அவ்வளவுதான். ஞாயிற்றுக்கிழமை ஆபீசுக்கு எட்டு வயது மகளையும் கூட்டி வருவார் என்று எதிர்பார்க்கவில்லை. அவள் என்னைப் பார்த்துவிட்டாள்.

இளம்பரிதிக்குத் தூக்கு என்று தீர்ப்பானது. ஊரே சரி என்றது. "கொழந்தையக் கொன்னவனுக்கு ஜெயில்ல சோறு வேற போடணுமா?" என்று டீக்கடையில் கேட்டார்கள். எனக்கும் அதே அபிப்பிராயம்தான்.

அவன் மனைவி சோபனாவை முதலில் பார்த்தவன் நான். தையல் பிரிவில் அவள் சேர்ந்த அன்றே பார்த்தேன். அவர்கள் கல்யாணப் பந்தியில் உட்கார்ந்தபோது வயிறு எரிந்தது. அவன் போய்விட்டால் கொஞ்ச நாள் அழுவாள், பிறகு மறந்துவிடுவாள் என்று நினைத்தேன்.

அவள் கருணை மனு எழுதிக்கொண்டு நேராக என்னிடம் வந்தாள்.

"நீங்க மொதல்ல போடுங்கண்ணா. அவரு போய்ட்டாலும் நான் அவரு பொண்டாட்டியாத்தான் இருப்பேன்."

போட்டேன். பிறகு குடியாத்தம் வரைக்கும் வீடு வீடாக ஏறினாள். முகத்துக்கு நேரே கதவைச் சாத்தினார்கள். "தீர்ப்பு தப்பா இருந்தா போன உசுரு திரும்பி வருமா?" என்று ஒரு சிலர் மட்டும் போட்டார்கள். எனக்காக யாரும் ஒரு படி ஏறியதில்லை ஐயா. செத்தால் அவன் அவளுக்குச் சாமியாகிவிடுவான். தூக்கு அநியாயம் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தோன்றியது.

அப்பாவையும் மகளையும் கொன்றது நான்தான். எழுதிக்கொள்ளுங்கள். எனக்கும் தூக்குதான் வேண்டும் என்று ஊர் கேட்கும், கேட்கட்டும். சோபனா எனக்காகவும் வீடு வீடாக ஏறி இறங்குவாள். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.