ஓணத்துக்குப் பெயிண்ட் அடிக்கும் வீடுகள்

"இந்த வருசம் ஓண லீவே விடாம இருந்தா நல்லாருக்கும்ட்டி."

மூணாறிலிருந்து கிளம்பிய பேருந்தில், எனக்கு முன் இருக்கையில் இரண்டு கல்லூரிப் பெண்கள். சொன்னவள் ஜன்னலோரம் இருந்தாள்.

"லூசாட்டி நீ? லீவு வேண்டாங்கிற ஒரே ஆளு நீதான்."

"ஹாஸ்டலப் பூட்டிருவாங்கல்லா. பீஸு, புக்கு எல்லாம் காலேஜே தருது. அந்தப் பத்து நாளு எங்க போவேன்னு மட்டும் யாரும் கேக்கல."

"நீ வளந்த ஹோமுக்குப் போயேன்."

"பதினெட்டு முடிஞ்சா அங்க தங்க விடமாட்டாங்க."

"உன் ரூம்ல இருக்கவளுக வீட்டுக்கு?"

"ரெண்டு பேரு கூப்பிட்டாளுக. ரெண்டு பேரு அம்மாவும் வீட்ல பெயிண்ட் அடிக்கோம்னுட்டாங்க." அவள் சிரித்தாள். "நான் வாரேன்னாப் போதும், ஊரே பளபளன்னு ஆயிரும்."

மற்றவள் சிரிக்கவில்லை. "எங்க எஸ்டேட் லயத்துக்கு வா. ஒரே ரூம்தான். சுவரெல்லாம் கறுத்துக் கெடக்கும்."

"அப்போ வாரேன்."

போன வாரம் என் மகள் தொலைபேசியில், அறைத்தோழி ஒருத்தி காப்பகத்தில் வளர்ந்தவள், ஓணத்துக்கு அழைத்து வரட்டுமா அம்மா என்று கேட்டாள். வீட்டில் பெயிண்ட் வேலை நடக்கிறது என்றேன்.

எங்கள் சுவர்களுக்குப் பெயிண்ட் அடித்து ஆறு வருடமாகிறது. இவள்தான் அவளா என்று தெரியவில்லை. என் நிறுத்தம் வந்ததும் அவள் முகத்தைப் பார்க்காமல் இறங்கிவிட்டேன்.