படத்தில் எரிந்த இடங்கள்

— இல்ல டாக்டரம்மா, நான் உட்கார மாட்டேன். நீங்க முதல்ல சரின்னு சொல்லுங்க.

— எதுக்குச் சரின்னு சொல்லணும்? நீங்க யாருன்னே இன்னும் சொல்லலையே.

— சலவைக்கடைக்காரர் சம்சாரம். உணவுக்குழாயில புத்துநோய்னு இப்ப ஸ்கேன் எடுத்தீங்களே, அவரோட. நீங்கதானே ரிப்போர்ட் எழுதறது?

— ஆமா. இன்னும் எழுதி முடிக்கல.

— நல்லவேளை! குழாயில மட்டும்தான் இருக்கு, வேற எங்கயும் இல்லன்னு ஒரே வரி எழுதிடுங்க. மத்ததை விட்டுடுங்க. உங்க காலைப் பிடிச்சுக் கேக்கறேன்.

— ஐயோ, எழுந்திருங்க. பாருங்கம்மா, முதல்ல எழுந்திருங்க. பரவியிருக்குன்னு உங்களுக்கு யார் சொன்னது?

— யாராவது சொல்லணுமா? என் கண்ணாலயே பார்த்தேன். கதவு ஒருக்களிச்சிருந்தது. ஸ்கேன் எடுத்தவர் கம்ப்யூட்டர்ல இவர் படத்தைப் பார்த்துட்டிருந்தார். தலை முழுக்க நெருப்பா எரியுது. நெஞ்சுல எரியுது. அடிவயித்துல ஒண்ணு, பந்து மாதிரி எரியுது. அப்படியே இங்க ஓடி வந்துட்டேன்.

— அதைப் பார்த்துட்டா...

— சொல்றேன் கேளுங்க. ஆபரேஷன் டாக்டர் கறாரா சொல்லிட்டார். பரவலைன்னாதான் கத்தி வைப்பேன், பரவியிருந்தா தொடவே மாட்டேன்னு. உங்க பேனா அசைஞ்சாத்தான் அவர் கத்தி அசையும்.

— பொய் எழுதி வெட்ட வெச்சா பிழைச்சுடுவாரா? நெஞ்சைத் திறந்து, குழாயை எடுத்து, இரைப்பையை மேல இழுத்துத் தைக்கணும். பரவின உடம்புக்கு அது வெறும் சித்திரவதைம்மா.

— இப்ப நடக்கறது என்னவாம்? வாய்க்கு எட்டினது வயித்துக்கு எட்டல. கரைச்சுக் கொடுத்தாலும் இறங்கல, நேத்துல இருந்து தண்ணியும் திரும்பி வருது. நான் சாப்பிடறப்ப எதிர்ல உட்கார்ந்து, "உப்பு சரியா இருக்கா?"ன்னு கேக்கறார். இப்பல்லாம் நான் குளியலறைக்குள்ள நின்னுக்கிட்டே சாப்பிடறேன், டாக்டரம்மா. திருடி மாதிரி.

— இந்தாங்க, முகத்தைத் துடைங்க. துடைச்சுட்டு இந்தத் திரையைப் பாருங்க. நாங்க போட்ட ஊசியில இருக்கறது சர்க்கரை மாதிரி ஒரு மருந்து. புத்துநோய் அதைப் பேராசையா தின்னும். தின்ன இடம் எரியற மாதிரி தெரியும்.

— அதைத்தானே நானும் சொல்றேன், தலையெல்லாம்...

— மூளை யாருக்குமே அப்படித்தான். எப்பவும் சர்க்கரை தின்னுட்டே இருக்கும். என்னைப் படம் எடுத்தாலும் எரியும். அந்தப் பந்து மூத்திரப்பை. மருந்து அது வழியாத்தான் வெளிய போகுது.

— அப்போ நெஞ்சுல?

— அதுதான் நோய். குழாயில இவ்வளவு நீளம். பக்கத்துல ரெண்டு நெறிக்கட்டி, அதையும் ஆபரேஷன்லயே எடுத்துடலாம். பாருங்கம்மா, கல்லீரல் சுத்தம். நுரையீரல் சுத்தம். எலும்பும் சுத்தம்.

— இன்னொரு தடவை சொல்லுங்க.

— தூரமா எங்கயும் பரவல. போன வாரம் குழாய்க்குள்ள கருவி விட்டு எடுத்த ஸ்கேன்ல ஆழமும் பார்த்தாச்சு, மூச்சுக்குழாயைத் தொடல. முதல்ல மருந்தும் கதிர்வீச்சும் கொடுத்துக் கட்டியைச் சுருக்குவாங்க, அப்புறம் ஆபரேஷன். கஷ்டமானதுதான். ஆனா பண்ணலாம்.

— தாயே! உங்களைப் போய்ப் பொய் எழுதச் சொன்னேனே, என் நாக்கு அழுகிப் போக! மன்னிச்சுடுங்க. ஓடிப்போய் அவர்கிட்ட சொல்லட்டுமா? ஏன், உங்க முகம் ஏன் இப்படி இருக்கு? இன்னும் எதையோ மறைக்கறீங்க.

— அதை அவர்கிட்டயே பேசிக்கோங்க. நான் சொல்றது முறையில்ல. யாரது, கதவைத் தட்றது?

— நான்தான் டாக்டரம்மா, சலவைக்கடைக்காரன். உள்ள வரல. ஊசி மருந்து உடம்புல இருக்கிற வரைக்கும் யார் பக்கத்துலயும் போகக் கூடாதாம். இப்படியே வெளிய நின்னு கேட்டுட்டுப் போயிடறேன். ஊசி போடறப்ப கெஞ்சினேனே, உடம்பு பூரா பரவிடுச்சுன்னு எழுதிடுங்கன்னு, எழுதிட்டீங்களா? கத்தின்னாலே எனக்குப் பயம். பட்டினி கிடந்தே போயிடறேன். என் சம்சாரம் இங்கதான் எங்கயோ சுத்திட்டிருக்கா... நான் பயந்தாங்கொள்ளின்னு மட்டும் அவகிட்ட சொல்லிடாதீங்க.