யாரையும் கூப்பிடாதவர்

காபியில் சர்க்கரை ஜாஸ்தியாகிவிட்டதோ? இரண்டு வாய் குடித்துவிட்டு டம்ளரைத் தள்ளி வைத்துவிட்டாளே. இவள் அண்ணனும் இப்படித்தான், பாதியிலேயே வைத்துவிடுவார்.

நீங்கள் ஃபோனை எடுத்து என் முன்னால் வைத்தபோது இதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன், சைலஜா. வாய்விட்டுச் சொல்லவில்லை. சொன்னால் அழுவீர்கள் என்று தோன்றியது.

உங்கள் அண்ணன் அருணேஷின் கடைசிப் பாட்டைப் பற்றிக் கேட்க வந்திருக்கிறீர்கள். எல்லாவற்றையும் சொல்கிறேன். நடுவில் யாராவது ரூம் கேட்டு வந்தால் எழுந்து போவேன், தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். நாளை பௌர்ணமி, கிரிவலக் கூட்டம். செங்கம் ரோட்டில் எல்லா லாட்ஜிலும் இன்றைக்கு இதே கதைதான். அதோடு எனக்கு இப்போதெல்லாம் ஒரே இடத்தில் உட்கார முடிவதில்லை. இந்தச் சாவிகளை அடுக்கிக்கொண்டே பேசுகிறேன்.

‘இரும்புக் குருவி’ இசைக்குழு உடைந்தபோது ரசிகர்கள் நாங்களும் இரண்டாக உடைந்தோம். ஆனால் ஒரே வாட்ஸ்அப் குரூப்பில்தான் இருந்தோம். சண்டை போட ஆள் வேண்டுமே. குழு ஒன்றாக இருந்தவரை எல்லாப் பாட்டும் அருணேஷ், இளஞ்செழியன் என்று இரண்டு பேர் பெயரில்தான் வெளியாகும். எந்த வரி யாருடையது என்று அவர்கள் சொன்னதே இல்லை. ஆளுக்கொரு ஆல்பம் போட்ட பிறகுதான் எங்கள் கைக்கு ஓர் அளவுகோல் கிடைத்தது. தனிப்பாட்டுகளை வைத்துப் பழைய பாட்டுகளைப் பிரித்துப் பார்க்க ஆரம்பித்தோம். உள்ளூர்க்காரர்கள் அவ்வப்போது டீக்கடையில் கூடுவோம்.

“செழியன் பாட்டு கேட்டா கல்யாணப் பந்தியில உக்காந்த மாதிரி இருக்கும். உங்க ஆளு பாட்டு கேட்டா பல் டாக்டர் வாசல்ல டோக்கன் வாங்கிட்டு உக்காந்த மாதிரி இருக்கும்” என்பார் சின்னசாமி. பஸ் கண்டக்டர்.

“உனக்குப் பந்தின்னா போதும்ணா. அப்புறம் பாட்டாவது ஒண்ணாவது” என்பாள் அருணேஷ் கட்சி மணிமொழி.

எங்களுக்குள் ஒரு விளையாட்டு உண்டு. இரண்டு பேரில் ஒருவர் பாணியில் யாராவது புதுப் பாட்டு கட்டி, தெரியாத நம்பரிலிருந்து குரூப்பில் போடுவார்கள். யார் மாதிரி, எங்கே பிசகுகிறது என்று மற்றவர்கள் பிரித்து மேய்வார்கள். எலக்ட்ரிகல் கடை வேணு பாடினால் அருணேஷின் தொண்டை அப்படியே வரும். கடைசித் தீர்ப்பு என்னுடையது. “கவிநிலா சொல்லிட்டா முடிஞ்சிது” என்பார்கள். லாட்ஜ் வரவேற்பில் உட்கார்ந்து சாவி கொடுக்கிறவளுக்கு அது பெரிய மரியாதை. ஒத்துக்கொள்கிறேன்.

என் தீர்ப்பு எல்லாம் ஒரே விஷயத்தில் நின்றது. செழியன் பாட்டில் யாராவது யாரையாவது கூப்பிட்டுக்கொண்டே இருப்பார்கள். டேய், சைக்கிளைத் திருப்பு. அக்கா, கொஞ்சம் தண்ணி. மெட்டு மேலே ஏறிப்போய்ப் பதிலுக்குக் காத்து நிற்கும். அருணேஷ் பாட்டில் யாரும் யாரையும் கூப்பிடுவதில்லை. மழை நிற்கும், கூரை சொட்டும், ஒருவன் பார்த்துக்கொண்டிருப்பான். அவனுக்கு வலிக்கிறது என்று நமக்குத் தெரியும். அவன் சொல்ல மாட்டான். மெட்டு மெல்ல இறங்கி வந்து தரையில் உட்கார்ந்துவிடும்.

ஆரணியில் என்னைக் கட்டிக்கொடுத்த வீட்டில் நான் அந்தப் பாட்டுகளைத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன். அங்கே என்ன நடந்தது என்பது உங்களுக்கு வேண்டாம். பக்கத்து வீட்டுக்கும் எங்களுக்கும் நடுவே ஒரு சுவர்தான். நான் ஒருநாளும் கத்தியதில்லை. அம்மாவுக்கு ஃபோன் போட்டதில்லை. வாயை மூடிக்கொண்டு தாங்குவதில் ஓர் அழகு இருக்கிறது என்று அந்தப் பாட்டுகள்தான் எனக்குச் சொல்லின. நான் பிழைத்து வந்தது அதனால்தான் என்று நம்புகிறேன்.

ஒரு நிமிஷம்.

“ரூம் இருக்காம்மா? நாலு பேரு. ஃபேமிலி.”

“இல்லீங்க. எல்லாம் ஃபுல்லு. எதிர்ல கேட்டுப் பாருங்க.”

“அங்கதான் உங்களைக் கேக்கச் சொன்னாங்க!”

போய்விட்டார்கள். எங்கே விட்டேன்? ஆமாம், அந்தப் பாட்டு.

மழை பெய்துகொண்டிருந்த ஒரு மதியம், தெரியாத நம்பரிலிருந்து வந்தது. கிட்டாரும் குரலும் மட்டும். உங்களுக்கு மனப்பாடமாக இருக்கும்.

கதவு திறந்துதான் கிடக்கு,
யாராச்சும் வந்து மூடுங்க.
செழியா, நீ வந்தாலும் சரி.

குரூப் பற்றிக்கொண்டது. “வேணு, அசத்திட்டடா” என்றார்கள். வேணு கோயில்மேல் சத்தியம் பண்ணினான், தான் இல்லை என்று. மணிமொழி மட்டும் எனக்குத் தனியாக வாய்ஸ் அனுப்பினாள்: “அக்கா, இது அவரேதான்க்கா. எங்க இருக்காருன்னு தேடலாமா?”

நான் தீர்ப்பு எழுதினேன். குரல் அச்சு அசல், பாட்டு போலி. அருணேஷ் யாரையும் கூப்பிட மாட்டார், அதிலும் பெயர் சொல்லி. இது செழியன் பாட்டுக்கு அருணேஷ் சட்டை மாட்டிவிட்டது. எழுதி முடித்துவிட்டு, குரூப் அட்மின் நான்தான் என்பதால், வேறு யாரும் பதில் போட முடியாதபடி குரூப்பைப் பூட்டினேன்.

நீங்கள் கேட்கும் முன்னால் நானே சொல்லிவிடுகிறேன். முதல் மூச்சிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது, அது அவர்தான் என்று. ஒவ்வொரு வரிக்கும் முன்னால் மூக்கால் இழுக்கும் அந்தச் சின்ன மூச்சை வேணுவால் செய்ய முடியாது.

அன்று சாயங்காலம் செழியன் சென்னையிலிருந்து எனக்கு ஃபோன் செய்தார். அதற்குமுன் ஒரே ஒரு தடவை பேசியிருக்கிறார், அவருடைய வரி ஒன்றை நான் சரியாகக் கண்டுபிடித்ததற்கு. “ஏங்க, உங்களுக்குத்தான் தெரியும். அது அவனா? அவன்னா சொல்லுங்க, இப்பவே வண்டியை எடுக்கறேன்” என்றார். இல்லை என்றேன். “நிச்சயமாவா?” என்றார். “நிச்சயமாங்க” என்றேன். பெருமூச்சு விட்டார். நிம்மதியா ஏமாற்றமா என்று எனக்குப் பிடிபடவில்லை.

அந்தப் பாட்டில் இன்னொரு சத்தமும் இருந்தது, சைலஜா. இரண்டாவது வரிக்கு அடியில். எங்கள் லாட்ஜ் தண்ணீர் மோட்டார் ஓடத் தொடங்கும் முன் ஒருதரம் செருமும். இதோ, இப்போதும் செருமுகிறது பாருங்கள். அதே சத்தம்தான்.

அவர் மாடியில் தங்கியிருந்தது எனக்கு முதல் நாளிலிருந்தே தெரியும். தொப்பியை இறக்கிவிட்டுக்கொண்டு வந்து சோமநாதன் என்று எழுதச் சொன்னார். உங்கள் அப்பா பெயர் என்று பிறகு தெரிந்துகொண்டேன். கோயிலில் குடும்பத்துக்கு வரும் பூஜை முறையை விட்டுவிட்டு கிட்டாரைத் தூக்கியவன் வாசற்படி மிதிக்கக் கூடாது என்று சொன்ன அப்பா. மாடவீதியில் உங்கள் வீட்டுக்கு இங்கிருந்து ஆட்டோவில் போய்விடலாம். அவர் போகவில்லை. அதைப் பார்த்து எனக்கு மகிழ்ச்சியாக இருந்தது. பாட்டில் எப்படியோ ஆளும் அப்படியே என்று நினைத்தேன். நானே காபி கொண்டுபோய்க் கொடுப்பேன். குரூப்பில் யாரிடமும் மூச்சு விடவில்லை.

பாட்டு வந்த மறுநாள் அவர் கீழே இறங்கி வந்தார். நீங்கள் இப்போது நிற்கிற இடத்தில்தான் நின்றார். சவரம் செய்யாத முகம். நான் வாடிக்கையாளர் ஒருவருடன் பேசிக்கொண்டிருந்தேன். முடியும்வரை காத்திருந்தார்.

“நீங்கதானே கவிநிலா? குரூப்ல பேசறவங்க. வாய்ஸ் கேட்டப்பவே நினைச்சேன்.”

“ஆமாங்க.”

“அந்தக் கதவுப் பாட்டு… நிஜமாவே அவரு எழுதினது இல்லைன்னு நினைக்கிறீங்களா?”

அவர் கண்ணைப் பார்த்துக்கொண்டுதான் சொன்னேன். “இல்லீங்க. அருணேஷ் அப்படிக் கெஞ்சி எழுத மாட்டாரு. யாரோ பாவம், அவரை மாதிரி எழுதப் பாத்திருக்காங்க.”

சிரித்தார். அசிங்கமான சிரிப்பு இல்லை, நல்ல சிரிப்பு. “கரெக்டுதான். யாரோ பாவம்” என்றார். பிறகு, “செழியன் ஒண்ணும் சொல்லலையா?” என்று கேட்டார்.

“அவரும் போலின்னுதாங்க நினைக்கிறாரு” என்றேன். அது பொய்கூட இல்லை.

சரிங்க என்று சொல்லிவிட்டு மாடிக்குப் போனார்.

சாயங்காலம் நான் மேலே போனேன். காபி எடுத்துக்கொண்டு போகவில்லை. ஏன் போனேன் என்று இன்னும் யோசிக்கிறேன். அறைக் கதவு திறந்து கிடந்தது. பாட்டில் சொன்னதைப் போலவே. கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். தூங்குகிறார் என்று நினைத்தேன் என்று போலீஸில் சொன்னேன். உங்களிடம் அப்படிச் சொல்லப்போவதில்லை. மூச்சு கேட்டது. அந்த மூச்சு எனக்குத் தெரியாதா? ஒன்றுக்கும் அடுத்ததற்கும் நடுவே ரொம்ப நேரம் ஆனது. என் கையில் ஃபோன் இருந்தது. ஆஸ்பத்திரிக்கு ஒரு ஃபோன், மாடவீதிக்கு ஒரு ஃபோன்.

கதவைச் சத்தமில்லாமல் இழுத்து மூடிவிட்டு இறங்கி வந்தேன்.

நான் கெட்டவள் இல்லை. அவர் நடுவழியில் தடுமாறிவிட்டார், நான் பிடித்துக்கொண்டேன், அவ்வளவுதான் என்று நினைத்தேன். இத்தனை வருஷம் யாரையும் கூப்பிடாதவர் கடைசியில் கூப்பிட்டார், ஆள் வந்தது, பிழைத்தார் என்று ஆகியிருந்தால் அந்தப் பாட்டுகளெல்லாம் என்ன ஆகும்? நானும் கத்தியிருக்கலாம் என்றல்லவா ஆகும்? கத்தியிருந்தால் அந்தச் சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து யாராவது வந்திருப்பார்களோ என்ற கேள்வியை வைத்துக்கொண்டு ஒரு மனுஷி எப்படித் தூங்குவாள்? இப்போதும் நான் அவ்வளவாகத் தூங்குவதில்லை. அது வேறு காரணம்.

இப்படி வெறித்துப் பார்க்காதீர்கள். நீங்கள் கேட்டதைத்தான் சொன்னேன்.

“எங்களுக்குக் கேட்டதுமே தெரிஞ்சுது. ஆனா ஊரே இன்னும் வேணு பாடினதுன்னு சொல்றது. செழியன்கூட நம்ப மாட்டேங்கறார், நீங்க சொன்னதாலே” என்கிறீர்கள். ஃபோனை என் பக்கம் தள்ளுகிறீர்கள். “போலீஸுக்கு நீங்க என்ன சொல்லணுமோ அப்புறம் சொல்லிக்கோங்கோ. அம்மா ஒண்ணே ஒண்ணுதான் கேக்கறா. அது அண்ணாவோட பாட்டுன்னு இதுல ஒரு வார்த்தை பேசிடுங்கோ.”

போலீஸுக்கு வருகிறேன். இப்போதே வேண்டுமானாலும் வருகிறேன், சாவியை முதலாளியிடம் கொடுத்துவிட்டு. கதவை மூடியது நான்தான் என்று எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன். அந்தக் குரல் அவருடையது, கிட்டார் மீட்டிய கை அவருடையது, அந்த மூச்சும் அவருடையதுதான்.

ஆனால் ஃபோனை எடுத்துக்கொள்ளுங்கள், சைலஜா. இதை மட்டும் என்னால் சொல்ல முடியாது. அது அவர் பாட்டு இல்லை. எனக்குத் தெரிந்த அருணேஷ் யாரையும் கூப்பிட மாட்டார்.